கடலுக்காக எந்த வழியில் இறங்குவது? தகவல் மனு, கருத்துக்கேட்பு, தீர்ப்பாயம், கரைப்பணி: ஓர் ஒப்பீடு

எண்ணூர், நீலாங்கரை, கோவளம் பக்கம் குடியிருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எங்க கரையில என்னமோ நடக்குது. சும்மா இருக்க மனசு வரல. ஆர்.டி.ஐ. போடலாமா, கூட்டத்துல போய்ப் பேசலாமா, கேஸ் போடணுமா, இல்ல ஆமை நடைக்குப் போனா போதுமா?" கேட்பவர்களுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. நான்கையும் இழுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. ஏதாவது ஒன்றில் தொடங்கியாக வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதற்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறதோ அதில்தான் முதலில் இறங்க வேண்டும். கடல் விஷயத்தில் சட்டம் பொதுமக்களுக்குக் கொடுத்திருக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்கள் கடந்துவிட்டால், எவ்வளவு நல்ல ஆதாரத்தோடு போனாலும் கேட்க ஆள் இருக்காது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது கெடு. எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும், பதில் வர எத்தனை நாள் ஆகும்.

இரண்டாவது செலவு. கட்டணம் சொற்பம்தான். நகல் எடுப்பது, ஒரு நாள் தொழிலை விடுவது, ஆய்வகப் பரிசோதனை, வக்கீல் ஃபீஸ் என்று பின்னால் வருவதுதான் கையைக் கடிக்கும்.

மூன்றாவது மொழி. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் புதிய வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வந்தபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மற்ற மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட்டு, கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. காசிமேட்டு மீனவர் படிக்க முடியாத ஆவணத்தைக் காட்டி அவர் கருத்தைக் கேட்பது கேட்பதாகாது.

நான்காவது, உங்கள் பெயர் எவ்வளவு வெளியே தெரியும் என்பது. இதைப் பலரும் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், வாடகை வீட்டில் இருப்பவருக்கும் ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கும் இது நியாயமான கவலை.

ஐந்தாவது, முடிவில் கையில் என்ன மிஞ்சும். ஒரு காகிதமா, பதிவேட்டில் ஒரு வரியா, கட்டுப்படுத்தும் உத்தரவா?

| | தகவல் மனு | கருத்துக்கேட்புக் கூட்டம் | பசுமைத் தீர்ப்பாயம் | கரைப்பணி |
|---|---|---|---|---|
| கெடு | மனு போடக் கெடு இல்லை. பதிலுக்கு 30 நாள் | அறிவிப்பிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம் | அனுமதியை எதிர்க்க 30 நாள். பிற வழக்குகளுக்கு 6 மாதம் | பருவம்தான் கெடு |
| கட்டணம் | 10 ரூபாய் | இல்லை | இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய் | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | வரைபட நகல், மேல்முறையீட்டுக் காலம் | ஒரு நாள் கூலி, நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கை | வக்கீல், ஆய்வகம், ஆண்டுக்கணக்கான அலைச்சல் | தூக்கம், தொடர்ந்து போகும் ஒழுங்கு |
| மொழி | தமிழில் போடலாம் | தமிழில் பேசலாம், எழுதலாம் | நடைமுறையில் ஆங்கிலம் | பிரச்சினை இல்லை |
| பெயர் வெளிப்படுவது | ஓரளவு | கேமரா முன்னால் | முழுமையாக | அநேகமாக இல்லை |
| கையில் மிஞ்சுவது | ஆவணம் | கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஓர் இடம் | உத்தரவு | தரவு |

## தகவல் உரிமை மனு

இந்த வழிக்கு எண்ணூர்தான் பாடம். எண்ணூர் கழிமுகத்தையும் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களையும் சேர்த்து ஏறத்தாழ 6,500 ஏக்கர் பரப்பைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டும் வரைபடத்துக்கு மத்திய அரசு 1996இல் ஒப்புதல் கொடுத்தது. 2017இல் தகவல் மனுக்கள் வழியாக வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணவில்லை. கண் முன்னால் அலையடிக்கும் தண்ணீர், காகிதத்தில் இல்லை. பல ஆண்டுகளாக "கழிமுகத்துல மண்ணக் கொட்டுறாங்க" என்று காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்கள் சொல்லிக்கொண்டிருந்ததை அதுவரை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் அது ஊர் முழுக்கப் பேச்சானது.

ஆனால் இந்த வழியில் போகிறவர்களில் பாதிப்பேர் கேள்வியிலேயே தவறிவிடுகிறார்கள். "கடற்கரையில் ஆக்கிரமிப்பை ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். "இந்தக் கிராமம், இந்தப் புல எண் அடங்கிய, ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தின் நகல், அது ஒப்புதல் பெற்ற தேதி, இந்த இடத்துக்குக் கொடுத்த அனுமதியின் நகல், அது தொடர்பான கோப்புக் குறிப்புகள்" என்று கேட்டால் மழுப்புவது கடினம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை; சட்டமே அதைத் தெளிவாகச் சொல்கிறது.

வரைபடம் கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கரையில் எங்கே என்ன கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் இந்த வரைபடங்களில் மண்டலங்களை வண்ணத்தால் பிரித்திருப்பார்கள். கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோடு ஒரு நிறம், சதுப்பு ஒரு நிறம், கட்டுமானத் தடைப் பகுதி ஒரு நிறம். இதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எந்தக் கோடு எது என்று அதைத் தயாரித்தவர்களாலேயே சொல்ல முடியாது. அதனால் மனுவிலேயே "வண்ண நகல் அல்லது கணினிக் கோப்பாக" என்று எழுதுங்கள். உள்ளூர் அளவிலான வரைபடம் 1:4,000 அளவில் பெரிய தாளாக இருக்கும். சாதாரணப் பக்கத்துக்கு 2 ரூபாய் என்றால், பெரிய தாளுக்கு ஆகும் அசல் செலவைக் கேட்பார்கள். அலுவலகத்துக்கே போய்க் கோப்பைப் பார்வையிடவும் உரிமை உண்டு. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். நேரில் கோப்பைப் புரட்டினால், கேட்கத் தோன்றியிருக்காத தாள்களும் கண்ணில் படும்.

கட்டணத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டலாம். சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும், கிண்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அது செல்லும். அதையே மத்திய அரசின் கீழ் வரும் துறைமுகத்துக்கோ அமைச்சகத்துக்கோ அனுப்பினால் செல்லாது. போஸ்டல் ஆர்டர் வேண்டும், அல்லது இணையத்தில் கட்ட வேண்டும். தனியார் துறைமுகத்திடம் நேரடியாகக் கேட்க வழியில்லை. ஆனால் அவர்கள் அரசுக்குக் கொடுத்த அறிக்கைகளை அந்த அரசு அலுவலகத்திடம் கேட்கலாம்.

30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். இந்த வழியின் உண்மையான விலை அதுதான்.

பெயர் பற்றிய கவலைக்கு: தொடர்புகொள்ளத் தேவையான விவரம் மட்டும் கொடுத்தால் போதும். தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. தகவல் மனுவைப் போட, பாதிக்கப்பட்டவராகவோ அந்த ஊர்க்காரராகவோ இருக்க வேண்டியதில்லை. குழுவாகச் செய்பவர்கள், அந்தக் கரையில் குடியில்லாத ஒருவர் பெயரில் போடுவது நல்லது.

இது பொருந்தும் நேரம்: கரையில் ஏதோ வேலை நடக்கிறது, யார் செய்கிறார்கள், என்ன அனுமதி என்று தெரியவில்லை, அவசரக் கெடு எதுவும் ஓடவில்லை. மனு எழுதும் முன் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடிவிடுங்கள். விண்ணப்பம், மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பு, அனுமதிக் கடிதம் எல்லாம் பல நேரம் அங்கேயே கிடைத்துவிடும்.

## கருத்துக்கேட்புக் கூட்டம்

பெரிய திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்த இடத்து மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் இது; 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டாயம். துறைமுகம், அனல் மின்நிலையம் போன்றவை இதில் வரும். கட்டடத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு; ஆகவே உங்கள் கரையோரம் எழும்பும் அடுக்குமாடிக்குக் கூட்டம் நடக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், மாவட்ட ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாதவரோ தலைமை தாங்குவார். முழு மதிப்பீட்டு அறிக்கையின் வரைவை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் முதலிய இடங்களில் வைத்திருக்க வேண்டும். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும்தான். பாதகமான செய்தி பெரும்பாலும் சுருக்கத்தில் இருக்காது. முழு அறிக்கையின் பின்னிணைப்பில் கரையரிப்பு பற்றிய கணிப்பு, தூர்வாரும் மண்ணைக் கொட்டும் இடம் போன்ற பகுதிகளில் இருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த சென்னைவாசிகள் மீனவ ஊர்களுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, அந்தப் பக்கங்களைப் படித்துத் தமிழில் நாலு பக்கமாகச் சொல்வதுதான். மேடையில் அவர்களுக்காகப் பேசுவதைவிட இது பல மடங்கு பயன்படும்.

யார் பேசலாம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. கூட்டம் அந்த இடத்தில் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கானது. மற்ற அக்கறையுள்ளவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம். அதையும் பரிசீலிக்க வேண்டும். அண்ணா நகரில் இருப்பவர் எழுதி அனுப்பட்டும், எண்ணூர்க்காரர் மைக்கைப் பிடிக்கட்டும்.

2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் நடந்த கூட்டத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். மெரினாவை ஒட்டிக் கடலுக்குள் பேனா நினைவுச் சின்னம் அமைப்பது பற்றிய கருத்துக்கேட்பு அது. ஆதரவுக் குரலும் எதிர்ப்புக் குரலும் மோதிக் கூச்சலானது. அப்படிப்பட்ட அரங்கில் வலைக்கு எந்த ஆழத்தில் மீன் படுகிறது என்று நிதானமாகச் சொல்ல வந்தவரின் குரல் எடுபடாது. எழுத்தில் கொடுத்தவர் தப்பித்தார். இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசின் அனுமதி பிறகு நிபந்தனைகளோடு கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. எதிர்ப்பு அதிகமாக இருப்பதாலேயே திட்டம் நின்றுவிடாது.

ஆனால் எதிர் உதாரணமும் நம் கரையிலேயே இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 என்று தேதி குறித்த கூட்டம் எதிர்ப்பால் நடக்கவில்லை. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. பழவேற்காட்டு மீனவ ஊர்கள் ஒன்றாக நின்றதும், இரண்டாயிரம் ஏக்கர் அளவுக்குக் கடலைத் தூர்த்தால் கரை என்னவாகும் என்ற கேள்வியை விடாமல் கேட்டதும் இதற்குப் பின்னால் இருந்தன.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: கடைசி வரை உட்காருங்கள். பேசிய விஷயங்களின் தொகுப்பைக் கூட்ட முடிவில் மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அன்றே ஆட்சியர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பலரும் பேசி முடித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். வாசிக்கும் நேரத்தில் அரங்கம் பாதி காலி. உங்கள் கருத்து "பொதுவான ஆட்சேபணை" என்று ஒரு சொல்லில் சுருங்கியிருந்தால், அதை அங்கேயே எழுந்து திருத்தச் சொல்லும் வாய்ப்பு அப்போது மட்டும்தான். வீடியோப் பதிவும் உண்டு. அதன் நகலைப் பிறகு தகவல் மனுவில் கேட்கலாம்.

மறைந்திருக்கும் செலவை இங்கே உரக்கச் சொல்ல வேண்டும். கூட்டம் வேலை நாளில், பகலில் நடக்கும். கடலுக்குப் போகிறவருக்கு அன்றைய பாடு போகும். மீன் விற்கும் அக்காவுக்கு அன்றைய வியாபாரம் போகும். சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக்கூடியவர்கள் "மீனவர்கள் ஏன் வரவில்லை" என்று கேட்பதில் நியாயமில்லை.

இது பொருந்தும் நேரம்: நாளிதழில் அறிவிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து மற்றதையெல்லாம் ஒத்திவையுங்கள். தகவல் மனு போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் கூட்டமே முடிந்துவிடும்.

## தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்

சுற்றுச்சூழல் வழக்குகளை மட்டும் விசாரிக்கும் இந்தத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. மதுரைக்காரருக்கும் மங்களூர்க்காரருக்கும் இல்லாத வசதி சென்னைவாசிக்கு உண்டு: பேருந்தில் போய்விடலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது.

கெடுதான் இங்கே கழுத்தைப் பிடிக்கும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தீர்ப்பாயத்தால் தர முடியாது. மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்குப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். இழப்பீடும் சீரமைப்பும் கேட்க 5 ஆண்டு.

கட்டணம் 1,000 ரூபாய்தான். இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் ஒரு சதவீதம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விலக்கு. ஆனால் நீர் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பது, மனுவைப் பல நகல் எடுப்பது, வாய்தா வாய்தாவாக அலைவது எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். எண்ணூரில் அனல் மின்நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிவது பற்றி மீனவர்கள் 2016இல் போட்ட வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. தீர்ப்பாயம் பல வழக்குகளில் கூட்டுக் குழு அமைத்து அறிக்கை கேட்கும். நீங்கள் யார் கவனிக்கவில்லை என்று புகார் சொன்னீர்களோ அந்தத் துறையே குழுவில் இருக்கவும் கூடும். அப்போது உங்கள் கையில் தேதியோடு ஆதாரம் இல்லையென்றால் அறிக்கையை மறுக்க முடியாது.

யாரும் மனு போடாமலே தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதிசெய்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர் கழிமுகத்தை மூடியபோது, தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. மீனவர்கள் எண்ணெயை வாளியால் அள்ளிய படங்கள் அதற்குள் நாடு முழுக்கப் போயிருந்தன. ஒரு நல்ல படமும் அது எடுத்த நாளும் இடமும் சில நேரம் ஒரு மனுவின் வேலையைச் செய்துவிடுகின்றன.

இது பொருந்தும் நேரம்: அனுமதி கொடுத்தாகிவிட்டது, அல்லது கேடு நடந்துவிட்டது, ஆவணம் உங்களிடம் இருக்கிறது, தனியாள் இல்லை, பின்னால் ஓர் ஊரோ குழுவோ நிற்கிறது. இந்த மூன்றும் இல்லாமல் தனியாக இறங்க வேண்டாம் என்பேன்.

## கரைப்பணி

மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைப் பாதுகாப்பான குழிகளுக்கு மாற்றிவருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையான பருவத்தில் பொதுமக்களும் அவர்களோடு நடக்கலாம். தனியாகப் போய் முட்டையைத் தொடாதீர்கள். இந்த ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; நல்லெண்ணம் சட்டத்தின் முன் சாக்காகாது.

"ஆமை நடையால் கொள்கை மாறுமா" என்று சிலர் இளக்காரமாகக் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியது வெளியே தெரிந்தது, கரையில் நடப்பவர்கள் எண்ணியதால்தான். எண்ணிக்கை இல்லாமல் அரசு பதறியிருக்காது, விசைப்படகுகள் எத்தனை கடல் மைலுக்கு அப்பால் இழுவலை போட வேண்டும் என்ற விதி பற்றிய பேச்சும் எழுந்திருக்காது.

செத்த ஆமையைப் பார்த்தால் தேதி, நேரம், இடத்தின் ஆயத்தொலை, ஓட்டின் நீளம், தெரியும் காயம் ஆகியவற்றோடு மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உடலை இரண்டு பேர் எண்ணிவிடாதபடி அன்றே குழுவில் சொல்லிவிடுங்கள். "மீனவர்கள் கொன்றார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். கரையருகே ஃபைபர் படகில் செவுள் வலை விடும் குப்பத்து மீனவரும், இழுவலை இழுக்கும் பெரிய விசைப்படகும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைப் பார்க்காத பதிவு, கடலுக்காகப் பேச வேண்டிய இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திவிடும்.

ஊரூர் ஆல்காட் குப்பத்தின் மூத்த மீனவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் பட்ட மீனையும் நாள்தோறும் குறித்துவந்தார். வாடைக் காற்று, தெண்டி நீரோட்டம் என்று அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் கிடைக்காத தரவு.

இது பொருந்தும் நேரம்: பெயர் வெளியே வர வேண்டாம், ஆனால் வாரம் ஓர் இரவு தர முடியும். கெடு ஓடாத காலத்தில் தொடங்கி வைத்திருந்தால், கெடு வரும்போது இதுதான் ஆதாரமாகும்.

## கோவளம், பழவேற்காடு போன்ற ஊராட்சிக் கரைகளுக்கு

மாநகராட்சிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடும். 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையின்படி, மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவ ஊர்களின் பொது இடங்களையும், மீன் காயவைக்கும் இடங்களையும் குறிக்க வேண்டும். நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும். வரைவு வரைபடங்களில் இவை விடுபட்டிருப்பதாக மீனவ அமைப்புகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. உங்கள் ஊரில் வலை பின்னும் இடம், கட்டுமரம் ஏற்றும் இடம், கருவாடு காயவைக்கும் மணல் எல்லாவற்றையும் புல எண்ணோடு பட்டியலிட்டுத் தீர்மானமாக நிறைவேற்றி, மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த மாவட்டக் குழுவில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தவர் மூவராவது இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் யார் என்று தெரியாவிட்டால், 10 ரூபாய் வில்லை ஒட்டி முதலில் அதைக் கேளுங்கள்.